உயர்தெளிவுத் தொலைக்காட்சி: செய்மதி வழியும் வட வழியும்

தொலைவில் நிகழும் நிகழ்ச்சியை இல்லத்தின்கண் இருந்தவாறே காணச் செய்வது தொலைக்காட்சி. அக்காட்சியை நிலையத்திலிருந்து இல்லம்வரை கொண்டுசெல்லும் வழிகளுள் இரண்டு இங்கு ஆராயற்பாலன. ஒன்று, நிலநடுக்கோட்டுக்கு மேலே வானில் நிற்கும் செய்மதியிலிருந்து கூரைமீதுள்ள கிண்ண வடிவான அன்ரெனாவுக்கு அலைகளை நேரே இறக்குவது. மற்றது, தெருவோரக் கம்பங்களிலும் நிலத்தின் கீழும் செல்லும் வடத்தின் வழியே அவற்றை வீட்டுக்குள் செலுத்துவது. இவ்வடமே பொதுமக்கள் வழக்கில் கேபிள் எனப்படுகின்றது. உயர்தெளிவுத் தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலத்தில் இவ்விரண்டனுள் சிறந்தது எது என்னும் வினா ஐக்கிய அமெரிக்காவில் வலுவாக எழுந்தது. எதிலே படம் அழகாயிருக்கின்றது என்பதை மட்டும் நோக்கிப் பலர் அதற்கு விடை கூறினர். அவ்விடை போதியதன்று. இரு வழிகளின் இயல்பையும் அறிந்தாலன்றி அவற்றின் குணமும் குற்றமும் புலப்படமாட்டா.

இவற்றுள் மூத்தது வடம். 1948ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பென்சில்வேனியா, ஒரிகன் முதலிய மாநிலங்களின் மலைசூழ்ந்த ஊர்களில் தொலைக்காட்சி அலைகள் எட்டவில்லை. மலையுச்சியிலே பெரிய அன்ரெனா ஒன்றை நாட்டி, அங்கு கிடைத்த அலைகளை வடத்தின் மூலம் கீழுள்ள வீடுகளுக்கு இறக்கினர். செய்மதி வழியின் கருத்து அதற்குச் சற்று முன்னரே தோன்றிவிட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஒப்ப ஒரு பொருள் சுற்றிவருமாயின் அது வானில் ஓரிடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய பொருள் மூன்று இருப்பின் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என ஆதர் சி. கிளாக் 1945ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் இலங்கையிற் குடியேறி, 2008ஆம் ஆண்டிற் கொழும்பிலே காலமானவர் இவரே. 1964ஆம் ஆண்டின் தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுக்களைச் சின்கொம் 3 என்னும் செய்மதி அமெரிக்காவுக்கு அஞ்சல் செய்தபோது அக்கருத்து மெய்யாயிற்று. எனினும், சிறிய கிண்ண அன்ரெனாவை வீட்டுக்கூரையிற் பொருத்தி இலக்கமுறைத் தொலைக்காட்சியைப் பெறும் வசதியை டிரெக்ரிவி நிறுவனம் 1994ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மக்களுக்கு அளித்தது.

வடமும் செய்மதியும் தொடக்கந்தொட்டே பகைவர் எனக் கருதுதல் பொருந்தாது. 1975ஆம் ஆண்டு முகம்மது அலிக்கும் யோ பிரேசியருக்கும் மணிலாவில் நடந்த குத்துச்சண்டையை எச்.பி.ஓ. நிறுவனம் செய்மதி மூலம் அமெரிக்க வட நிலையங்களுக்கு அனுப்பியது. அதன்பின்னர் பெரும்பாலான அலைவரிசைகள் வட நிலையங்களுக்குச் செய்மதி வழியாகவே வந்து சேர்ந்தன. ஆகவே, வடத்தின் வழியே ஒருவர் கண்ட படமும் பெரும்பாலும் ஒருமுறை விண்ணுக்கு ஏறி இறங்கிய படமே. இறுதியாக வீட்டுவாயிலை அடையும் சிறுதொலைவில் மட்டுமே இரண்டும் வேறுபடுகின்றன.

இனி, உயர்தெளிவு என்பது யாது? அமெரிக்காவின் பழைய முறைப் படம் இலக்கமுறையில் ஏறக்குறைய மூன்றரை இலட்சம் படப்புள்ளிகளைக் கொண்டது. உயர்தெளிவுப் படமோ குறுக்கே 1920, நெடுக்கே 1080 ஆக இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை உடையது. அதாவது ஏறத்தாழ ஆறு மடங்கு. இதனைச் சுருக்காது அனுப்புவதற்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 150 கோடி பிட்கள் வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறாதவற்றைத் திரும்ப அனுப்பாது விடுதல் முதலிய உபாயங்களால் அதனை இரண்டு கோடி பிட்களுக்குள் அடக்கலாம். தரைநிலையங்களுக்கென 1996ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஏற்ற முறையில் ஓர் அலைவரிசை சுமக்கக்கூடிய அளவு செக்கனுக்கு 1 கோடியே 94 இலட்சம் பிட்களாகும். இவ்வளவு பெரிய சுமையை எத்தனை அலைவரிசைகளுக்கு ஏற்றிச்செல்ல முடியும் என்பதே இரு வழிகளுக்கும் ஏற்பட்ட சோதனை.

வடத்தில் 54 முதல் 860 மெகாஹேர்ட்சு வரையுள்ள மீடிறன்களை ஆறு ஆறு மெகாஹேர்ட்சாகப் பகுத்தால் ஏறக்குறைய 134 அறைகள் கிடைக்கும். ஒவ்வோர் அறையிலும் செக்கனுக்கு 3 கோடியே 88 இலட்சம் பிட்கள், அஃதாவது இரண்டு உயர்தெளிவு அலைவரிசைகள் செல்லும். இது பெருஞ்செல்வமே. ஆயின் அவ்வறைகளிற் பெரும்பகுதியைப் பழைய ஒப்புமுறை அலைவரிசைகள் அறைக்கு ஒன்றாக நிரப்பியிருந்தன. பழைய பெட்டிகளை வைத்திருந்த மக்களைக் கைவிடாமல் அவ்வறைகளை விடுவித்தல் வட நிறுவனங்களுக்கு எளிதாயிருக்கவில்லை.

செய்மதியின் நிலை வேறு. டிரெக்ரிவியின் முதன்மையான வானிடத்தில் அதற்குக் கிடைத்த பாதைகள் 32. ஒவ்வொன்றும் செக்கனுக்கு ஏறக்குறைய மூன்று கோடி பிட்களைத் தரவல்லது. எல்லாவற்றையும் உயர்தெளிவுக்கே ஒதுக்கினும் பழைய சுருக்கமுறையில் ஐம்பது அலைவரிசைகள் அளவே அடங்கும். நாடு முழுவதும் ஒரே நிகழ்ச்சியைக் காண்பதாயின் இஃது ஒரு குறையாகாது. பத்து வீட்டுக்கு அனுப்பினும் பத்து இலட்சம் வீட்டுக்கு அனுப்பினும் செய்மதிக்குச் செலவு ஒன்றே. நகர வீட்டுக்கும் காட்டினிடையே தனித்துள்ள பண்ணை வீட்டுக்கும் அதற்கு வேற்றுமை இல்லை. இதுவே அதன் தலையாய சிறப்பு. ஆயின் அமெரிக்க மக்கள் தத்தம் ஊர் நிலையத்தின் செய்திகளையும் வானிலை அறிவிப்பையும் காண விரும்பினர். 1999ஆம் ஆண்டின் சட்டம் உள்ளூர் நிலையங்களை அவ்வவ்வூர்க்குச் செய்மதி வழியே அளிக்க இடங்கொடுத்தது. அந்நாட்டில் ஒளிபரப்பு வட்டாரங்கள் 210 உள. வட்டாரத்துக்கு நான்கு நிலையங்களாகக் கணக்கிடினும் 840 அலைவரிசைகள் வேண்டும். பொசுற்றன் நகரத்தார் மட்டும் காண்பதற்குரிய அலைவரிசை நாடெங்கும் பொழியப்படுமாயின், பெறுதற்கரிய வானிடம் வீணாகும். வட நிறுவனமோ ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர் நிலையங்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் அமையும். யாவர்க்கும் ஒன்றையே கொடுப்பதில் வல்லது செய்மதி. அவரவர்க்கு வெவ்வேறானவற்றைக் கொடுப்பதில் வல்லது வடம்.

இவ்விடர்ப்பாட்டைச் செய்மதி நிறுவனங்கள் மூன்று வகையால் வென்றன. முதலாவது, நாடு முழுவதையும் தழுவும் ஒரே கற்றைக்குப் பதிலாகச் சில நூறு கிலோமீற்றர் அகலமுள்ள சிறு கற்றைகளை அமைத்தன. ஒரே மீடிறனைத் தொலைவிலுள்ள இரு வட்டாரங்களில் இருவேறு அலைவரிசைகளுக்கு இதனாற் பயன்படுத்த முடிந்தது. இரண்டாவது, 12 கிகாஹேர்ட்சு அளவான பழைய மீடிறன்களோடு 20 கிகாஹேர்ட்சை அண்மிய புதிய மீடிறன்களையும் பயன்படுத்தின. 2005ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ஸ்பேஸ்வே செய்மதிகளும் 2007ஆம் ஆண்டின் டிரெக்ரிவி 10 என்பதும் இதற்கென அமைந்தவை. மூன்றாவது, 2003ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எச். 264 என்னும் புதிய சுருக்கமுறையை மேற்கொண்டன. அது பழைய முறைக்கு வேண்டிய பிட்களில் ஏறக்குறைய அரைப்பங்கையே கொண்டு அதே தெளிவைத் தரவல்லது. வட நிறுவனங்களோ கோடிக்கணக்கான பழைய பெட்டிகளை மாற்றவேண்டியிருந்தமையால் இதிற் பின்தங்கின. இதனால் சில ஆண்டுகள் உயர்தெளிவு அலைவரிசைகளின் எண்ணிக்கையிற் செய்மதியே முன்னின்றது.

ஆயினும் இயற்கை செய்மதிக்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. மீடிறன் உயர உயர அலையின் நீளம் குறுகி மழைத்துளியின் அளவை நெருங்குகின்றது. துளிகள் அலையின் சக்தியைக் கவர்ந்தும் சிதறியும் விடுகின்றன. 20 கிகாஹேர்ட்சில் இத்தீங்கு 12 கிகாஹேர்ட்சிலும் மிகுதியாகும். ஒப்புமுறையிற் படம் சிறிது சிறிதாக மங்கும். இலக்கமுறையிலோ ஓரெல்லைவரை குறையின்றி நின்று, அதனைக் கடந்தவுடன் துண்டுதுண்டாகிப் பின் முற்றாக மறையும். பெருமழையும் புயலும் வரும்போதே வானிலைச் செய்தி மிகவும் வேண்டப்படும் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அன்றியும், அமெரிக்காவில் அன்ரெனா தென்திசை வானை நோக்கவேண்டும். உயர்ந்த மரமோ மாடிக்கட்டடமோ இடையில் நிற்பின் பயனில்லை; வடக்கு நோக்கிய மாடிவீட்டில் வாழ்பவர்க்கு வழியே இல்லை. வடமும் குறையற்றதன்று. மின்சாரம் தடைப்படினும் கம்பம் சாயினும் ஒரு தெரு முழுவதும் இருளடையும். ஓரச்சு வடத்திற் செல்லும் அலை தொலைவு மிக மிக நலியுமாதலால் இடையிடையே பெருக்கிகள் வேண்டும்; வீடுகள் அடர்ந்த இடத்தில் அச்செலவைப் பலர் பங்கிடுவர். மைலுக்கு இரண்டு மூன்று வீடுகளே உள்ள நாட்டுப்புறத்துக்கு எந்த நிறுவனமும் வடம் இழுக்க முன்வருவதில்லை. அங்குள்ளார்க்கு எது சிறந்தது என்னும் வினா எழுவதேயில்லை; செய்மதி ஒன்றே கதி.

படத்தின் அழகு இவ்விரு வழிகளிலும் வேறுபடுமா? இலக்கமுறையில், பிட்கள் பிழையின்றி வந்துசேரின் அவை வானத்திலிருந்து வந்தனவா வடத்திலிருந்து வந்தனவா என்பது படத்திற் புலப்படாது. புலப்படுவது நிறுவனம் ஓர் அலைவரிசைக்கு ஒதுக்கிய பிட்களின் அளவே. இடநெருக்கடி மிக்க காலத்தில் அமெரிக்கச் செய்மதிச் சேவைகளிற் குறுக்கே 1920 புள்ளிகளுக்குப் பதிலாக 1280 புள்ளிகளே அனுப்பப்பட்டதுண்டு. மூன்றிலொரு பங்கை இழந்த அப்படமும் உயர்தெளிவு என்ற பெயராலேயே விற்கப்பட்டது. வட நிறுவனங்களும் இரண்டு அலைவரிசைகளுக்கு அமைந்த அறையில் மூன்றனை அடக்கின. அசைவில்லாத காட்சியில் இக்குறை தோன்றாது. பந்தாட்டத்திலும் நீரலையிலும் படம் கட்டங் கட்டமாகச் சிதையும். நூறு அலைவரிசைகள் என்னும் எண்ணைக் கண்டு பணம் கொடுத்தவர், ஒவ்வொன்றும் எத்துணை மெலிந்து வருகின்றது என்பதை அறிய வழியில்லை. விளம்பரத்தில் எண்ணிக்கை கூறப்பட்டது. பிட்களின் அளவு கூறப்படவில்லை.

இறுதியாக நோக்கத்தக்கது திரும்பும் வழி. செய்மதி பொழியும், கேளாது. வடமோ வீட்டிலிருந்து நிலையத்துக்கும் செய்தி கொண்டுசெல்லும். விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் வரவழைத்தல் அதனால் எளிதாயிற்று. 1990களிலிருந்து, சில நூறு வீடுகள் கொண்ட பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒளியிழை நெருங்கிவர, அதே வடம் இணையத்தையும் சுமந்தது. நிகழ்ச்சிகள் இணைய வழியே வரத்தொடங்கியபோது வட நிறுவனங்களும் தொலைக்காட்சிச் சந்தாதாரரை இழந்தன. எனினும் அவர்களுக்கு இணையத்தை விற்கும் வாயில் எஞ்சியிருந்தது. டிரெக்ரிவிக்கு அவ்வாயில் இல்லை. 2015ஆம் ஆண்டில் ஏறக்குறைய இரண்டு கோடி இல்லங்களைக் கொண்டிருந்த அந்நிறுவனம் பின்னர் தேய்ந்தது.

ஆகவே, ஒரு வழியை உயர்ந்தது என்றும் மற்றதைத் தாழ்ந்தது என்றும் பொதுவாகக் கூறுதல் பொருந்தாது. வீடுகள் அடர்ந்த நகரத்துக்கு வடமும், ஐதாகச் சிதறிய நாட்டுப்புறத்துக்குச் செய்மதியும் இயல்பாகவே பொருந்துவன. நகரத்தின் இலாபத்தைக் கண்டு செய்மதியை முற்றாகக் கைவிடின், வடம் எட்டாத இல்லங்கள் மீண்டும் 1948ஆம் ஆண்டின் மலையூர்களைப் போலாகிவிடும். படத்தின் தெளிவைப் பொறுத்தமட்டில், எவ்வழியில் வருகின்றது என்பதினும் எத்தனை பிட்களோடு வருகின்றது என்று கேட்பதே அறிவுடைமையாம்.