ஃப்ரிட்ஜைத் தொட செருப்பு தேவைப்படுகிறதா? உங்கள் வீட்டு ஃபியூஸ் பாக்ஸ் சொல்லும் சேதி!

கோவளம் பீச்சுக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என் பெரியம்மாவின் வீடு. 1980களில் கட்டியது. அந்த வீட்டு ஃப்ரிட்ஜின் முன்னால் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். "செருப்பைப் போட்டுட்டுத் திற, லேசா சுர்ருங்கும்" என்பார் பெரியம்மா, மோருக்கு உப்பு போட்டாச்சா என்று கேட்கிற அதே குரலில். வருடக்கணக்கில் இப்படித்தான்.

போன மழைக்கு முன், பேரன் வெறுங்காலோடு ஃப்ரிட்ஜைத் தொட்டுக் கத்தியதும்தான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். வந்தவர் ஃப்ரிட்ஜைப் பார்க்கவே இல்லை. நேராக வாசல் சுவரிலிருந்த மரப்பலகையிடம் போனார். ஒரு இரும்பு மெயின் ஸ்விட்ச், அதன் கீழே வரிசையாக வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். மெயினை ஆஃப் செய்துவிட்டு ஒரு கட்டையைப் பிடுங்கிக் காட்டினார். மெல்லிய ஃபியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று பெரியப்பா செய்த வைத்தியம்!

ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்படும் ஓர் இடம். கரன்ட் அளவு மீறினால் அந்தக் கம்பி முதலில் உருகி, சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றும். அங்கே தடிமனான கம்பியைக் கட்டினால், அடுத்து உருகப்போவது சுவருக்குள் இருக்கும் ஒயர்தான். 5 ஆம்பியர் கட்டை 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 1,150 வாட். அயர்ன் பாக்ஸுக்கே அது சரியாகப் போய்விடும். 2,000 வாட் கீசருக்கு எங்கே போவது?

இன்னொரு பழைய ஆபத்தையும் அவர் காட்டினார். அந்தக் காலத்து போர்டுகளில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஃபியூஸ் வைத்திருப்பார்கள். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் லைட் அணைந்துவிடும், ஃபேன் நின்றுவிடும். 'கரன்ட் இல்லை' என்று நினைத்துக் கை வைப்போம். ஆனால் ஃபேஸ் ஒயரில் கரன்ட் அப்படியே நிற்கும். இப்போது நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் வைப்பதில்லை.

சரி, ஃபியூஸ் கம்பி சரியான அளவில் இருந்திருந்தால் பேரனுக்கு ஷாக் அடித்திருக்காதா? அடித்திருக்கும். இதைத்தான் நம்மில் பலரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறோம்.

ஃபியூஸும், அதற்குப் பதிலாக வந்த எம்.சி.பி-யும் ஒயருக்குக் காவல், மனிதருக்கு அல்ல. எம்.சி.பி-க்குள் லோடு கூடினால் சூடாகி வளையும் ஒரு உலோகப் பட்டை இருக்கிறது. ஷார்ட் சர்க்யூட் ஆனால் சட்டென்று இழுக்கும் ஒரு காயிலும் இருக்கிறது. உருகிப்போகாது, மறுபடி தூக்கிவிட்டால் போதும். ஆனால் 5 ஆம்பியர் என்பது 5,000 மில்லி ஆம்பியர். 9 வாட் எல்.இ.டி பல்பு எடுப்பது சுமார் 40 மில்லி ஆம்பியர்தான். அந்த அளவு கரன்ட் நெஞ்சு வழியாகச் சில நொடிகள் ஓடினாலே உயிர் போகலாம். ஒரு பல்பு கூடுதலாக எரிந்ததற்காக எந்த ஃபியூஸ் போகும்?

ஆளைக் காப்பாற்ற வருவது ஆர்.சி.சி.பி. கடையில் ஈ.எல்.சி.பி என்றே பெரும்பாலும் கேட்பார்கள். அது இதற்கு முந்தைய தலைமுறையின் பெயர். வேலை எளிமையானது. ஃபேஸில் போகிற கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. வித்தியாசம் வந்தால், அது எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒருவர் உடல் வழியாக. கண் இமைப்பதற்குள் லைனைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு இந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகள். இதே தத்துவத்தில், இன்னும் குறைந்த கசிவுக்கே துண்டிக்கும் கருவியை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கியவர் சார்லஸ் டால்சீல். மனித உடல் எவ்வளவு கரன்ட்டைத் தாங்கும் என்று ஆராய்ந்த பேராசிரியர் அவர்.

ஆனால், ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் ஆர்.சி.சி.பி-க்கும் தெரியாது, நீங்களும் ஒரு பல்பு என்றே நினைத்துக்கொள்ளும். ஓவர்லோடையும் அது பார்க்காது. அதனால் எம்.சி.பி-யும் கூடவே இருக்கவேண்டும்.

பெரியம்மா வீட்டில் உண்மையான குற்றவாளி தோட்டத்தில் இருந்தது. எர்த் பைப்பில் ஒயரை இறுக்கியிருந்த கிளாம்ப், கடல் காற்றின் உப்பில் துருப்பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. ஃப்ரிட்ஜ் பாடியில் கசிந்த கரன்ட்டுக்கு மண்ணுக்குப் போக வழியில்லை. வெறுங்காலோடு தொட்டவர்தான் வழி. ஈ.சி.ஆர் பக்கம் கடலோரத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் எர்த்தைத் தோண்டிப் பார்த்து எத்தனை வருடமாகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

புது எர்த், எம்.சி.பி-கள், ஒரு ஆர்.சி.சி.பி. எல்லாம் மாட்டி ஆன் செய்ததும் டிரிப் ஆனது. மறுபடி ஆன், மறுபடி டிரிப். பழைய வீடுகளில் இது சகஜம். இன்வெர்ட்டருக்கு லைன் இழுத்தபோது யாரோ நியூட்ரல்களை ஒன்றாகக் கலந்திருந்தார்கள். அதைப் பிரிக்கவே அரை நாள் ஆனது. அதன் பிறகும் ஃப்ரிட்ஜைப் போட்டால் மட்டும் டிரிப்! "அந்தப் பெட்டியை பைபாஸ் பண்ணிடுப்பா, பால் கெட்டுடும்" என்றார் பெரியம்மா. எலெக்ட்ரீஷியன் மறுத்துவிட்டார். பாலைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார். கம்ப்ரஸர் அருகே ஒயரின் இன்சுலேஷன் போயிருந்தது.

இந்த வேலைகளை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் மட்டும் கொடுங்கள். மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸ் மின்வாரியத்துடையது, அதை அவரும் தொடக் கூடாது. அதற்கு மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது.

ஆர்.சி.சி.பி-யில் 'டி' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் லைன் விழ வேண்டும். விழாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெரியம்மா அதை அமாவாசையன்று அழுத்துகிறார். தேதி மறக்காதாம்.