தேத்தண்ணியும் இரும்புச்சத்து மாத்திரையும்

கரவனெல்லயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இறப்பரே பிரதானம். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். எனவே பால்வெட்டும் பெண்கள் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணியோடு மலைக்குப் போகிறார்கள். ரொட்டி பிறகு வரும். சில நாட்களில் வராமலும் போகும். இடையில் மறுபடியும் தேத்தண்ணி.

இது உடம்பில் என்ன செய்கிறது? தேயிலையிலும் கோப்பியிலும் கஃபீன் என்னும் பொருள் உண்டு. 1819இல் ஜெர்மானிய இரசாயனவியலாளர் ரூங்கே இதைக் கோப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். செடிக்கு அது பூச்சிகளுக்கு எதிரான காப்பு, இளங்கொழுந்தில்தான் அதிகம். நாம் விழித்திருக்கும் வேளையில் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து களைப்பை உணர்த்துகிறது. அது போய் அமர வேண்டிய இடத்தில் கஃபீன் அமர்ந்துகொள்கிறது. களைப்பு தெரியாமல் போகிறதே தவிர, உடம்புக்குப் புதிய பலம் எதுவும் வருவதில்லை. பசியும் சற்று மந்தமாகும். அரை வயிற்றோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போய்விட்டது என்பதே எமது கவலை.

ஒரு கோப்பைத் தேநீரில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். தூளைக் கொதிக்க வைத்துக் கடுஞ்சாயம் எடுத்தால் இன்னும் கூடும். நலமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் கூறிய அளவு. மிஞ்சினால் நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை. பழகியவர்கள் ஒருநாள் குடிக்காவிட்டால் தலையிடி. கர்ப்பிணிகள் விடயம் வேறு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளும் தாய்மார் அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவுறுத்தியது. கருச்சிதைவு, எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகளே காரணம். நிறைமாதத்தில் கஃபீன் உடலைவிட்டு நீங்க வழமையைவிட அதிக நேரம் எடுக்கிறது. அது குழந்தையையும் சென்றடைகிறது.

ஆனால் எமது தோட்டங்களில் கஃபீனைவிடப் பெரிய பிரச்சினை தேநீரின் துவர்ப்புச் சத்தே. கீரை, பருப்பு, ரொட்டியில் உள்ள இரும்புச்சத்தோடு அது குடலில் பிணைந்து, இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கிறது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கதிதான். அதைச் சூடான தேத்தண்ணியோடு விழுங்கும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் கடிந்து பயனில்லை. காலையில் அடுப்பில் இருப்பது அந்தக் கேத்தல் ஒன்றுதான். மாத்திரை வீணாகிறது, இரத்தச்சோகை நீடிக்கிறது, அந்தக் களைப்பைப் போக்க இன்னொரு கோப்பை ஊற்றப்படுகிறது. இப்படியே ஒரு கர்ப்பகாலம் முடிந்துவிடலாம்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையைக் கொதித்தாறிய நீரோடு எடுங்கள். தேசிக்காய், கொய்யா போன்றவற்றின் விற்றமின் சி இரும்பு சேர உதவும். கிளினிக்கில் விற்றமின் சி மாத்திரையும் தருவது இதற்காகவே. கைக்குழந்தையின் போத்தலில் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். மாலையில் மாத்திரை எடுப்பது பல வீடுகளுக்கு இலகுவாக இருக்கும். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள்.