பங்காளர் எனப்படுவோர் எல்லோரும் பங்காளர் அல்லர்
(மென்பொருள் நிறுவனமொன்றின் ‘பங்காளராக’ இயங்கும் சிறிய கணினி வணிகம் பற்றிய விளக்கம்)

க.பொ.த. சாதாரண தரம் – வணிகக் கல்வியும் கணக்கீடும்

மாணவர்களே,

மீட்டல் வகுப்பொன்றில் நான் கொடுத்த வினா இது. “நகரமொன்றில் தனியாகக் கணினி நிலையம் நடத்தும் ஒருவர், தாம் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பங்காளர் எனப் பெயர்ப்பலகையில் எழுதியுள்ளார். அவரது வணிகம் எவ்வகை உரிமையைச் சார்ந்தது?” விடைத்தாள்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் “பங்குடைமை” என்றே எழுதப்பட்டிருந்தது. சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, “இலாபநட்டத்தை இருவரும் சமமாகப் பகிர்ந்துகொள்வர்” என்றும் எழுதியிருந்தனர். அப்படி நடக்குமானால் அந்த மனிதர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலே படுத்திருக்கலாம்.

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ‘தனியாக’ என்ற சொல் வினாவிலேயே இருந்தது. அதைப் பார்க்க விடாமல் ‘பங்காளர்’ என்ற சொல் கண்ணை மறைத்துவிட்டது. பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலும் இச்சொல் பலருடைய கண்ணை மறைத்து வருகின்றது. ஆகவே இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

சட்டம் கூறும் பங்காளர்

இலங்கையில் பங்குடைமைகளுக்கு ஏற்புடையது 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் என்பதை ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். இலாபம் பெறும் நோக்குடன் சிலர் கூட்டாக வணிகமொன்றை நடத்தும்போது அவர்களிடையே நிலவும் உறவே பங்குடைமையாகும். வணிகம் ஒன்று, நடத்துவோர் பலர், இலாபமும் நட்டமும் அவர்களுக்குப் பொது. ஒரு பங்காளர் வணிகத்தின் பெயரில் பட்ட கடனுக்கு மற்றவரும் பொறுப்பாவார்.

கணினி நிலையக்காரரை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அவர் கடை வாடகை கட்டத் தவறினால் மைக்ரோசொப்ட் கட்டுமா? மைக்ரோசொப்ட்டின் இலாபத்தில் அவருக்கு ஒரு சதமேனும் வந்து சேருமா? இல்லை. வணிகங்கள் இரண்டு, மூலதனங்கள் இரண்டு, கணக்குப் புத்தகங்களும் இரண்டு. இடையில் இருப்பது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. ‘பங்காளர்’ என்ற சொல் சட்டரீதியான பங்குடைமையைக் குறிக்காது என்ற வாசகம் இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாகவே இடம்பெறும். அவர் தனியாக நடத்தினால் அது தனிவியாபாரம். தம்பியோடு சேர்ந்து முதலிட்டு நடத்தினால் அது பங்குடைமை; ஆனால் பங்காளர் தம்பிதான், மைக்ரோசொப்ட் அன்று.

அப்படியானால் ஏன் அந்தப் பெயர்?

பெரிய மென்பொருள் நிறுவனமொன்றின் நிலையிலிருந்து சிந்தியுங்கள். ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகங்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஆளனுப்பி மென்பொருளை விளக்கி, நிறுவி, பழுது வந்தால் ஓடிப்போய்த் திருத்திக் கொடுக்க எந்த நிறுவனத்தாலும் இயலாது. சம்பளச் செலவே இலாபத்தை விழுங்கிவிடும். எனவே அந்தந்த ஊரிலேயே இருக்கும் சிறிய வணிகர்களை அது சேர்த்துக்கொள்கிறது. அவர்களுக்குப் பயிற்சி, தமது அலுவலகப் பாவனைக்குக் குறைந்த செலவில் மென்பொருள், பெயர்ப்பலகையில் இட ஒரு சின்னம் ஆகியன கிடைக்கின்றன. நிறுவனத்துக்கோ சம்பளம் கொடுக்காமலே ஒரு விற்பனைப் படை கிடைக்கிறது. இது ஏமாற்று அன்று. இரு தரப்புக்கும் நன்மை உண்டு. பெயர்தான் கொஞ்சம் பெரிதாக வைக்கப்பட்டுவிட்டது.

உண்மையான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். சிறிய அலுவலகங்களுக்கென மைக்ரோசொப்ட் 1997 இல் ஒரு மென்பொருள் தொகுதியை வெளியிட்டது. பின்னர் ‘ஸ்மோல் பிஸ்னஸ் சேர்வர்’ என்று பரவலாக அறியப்பட்டது அதுவே. அதன் 2003 பதிப்பில் கோப்புகளைப் பகிர்தல், அலுவலகத்துக்கென்று சொந்த மின்னஞ்சல் முதலிய வசதிகள் எல்லாம் ஒரே தொகுதியாகக் கிடைத்தன. 75 பேர் வரை பயன்படுத்தலாம். அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஓரிருவர் மட்டுமே வேலை செய்யும் எத்தனையோ கணினி வணிகங்கள் இந்தத் தொகுதியை நம்பியே வளர்ந்தன. பல் வைத்தியர், சட்டத்தரணி, கணக்காளர் என்போரின் அலுவலகங்களே அவற்றின் வாடிக்கையாளர்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. வணிகர் ஒரு சேவையகக் கணினியை 2000 டொலருக்குக் கொள்வனவு செய்து 2300 டொலருக்கு விற்கிறார். அத்துடன் விற்ற மென்பொருளில் அவருக்குக் கிடைத்த இலாபம் 60 டொலர். அதை நிறுவி ஒழுங்குபடுத்த 25 மணித்தியாலம், மணிக்கு 80 டொலர் வீதம் 2000 டொலர். பின்னர் மாதாந்தப் பராமரிப்புக்கு 150 டொலர் வீதம் ஆண்டுக்கு 1800 டொலர்.

கூட்டிப் பார்க்குமுன் ஒரு கணம் நிறுத்துங்கள். பெயர்ப்பலகையில் பெரிதாக எழுதப்பட்ட மென்பொருள் தந்தது 60 டொலர். அவருடைய சொந்த உழைப்பு தந்தது 3800 டொலர். மென்பொருள் வாடிக்கையாளரை வாசலுக்குக் கொண்டு வந்தது. காசைக் கொண்டு வந்தது சேவைதான். இத்தகைய வணிகத்தைப் ‘பொருள் விற்பனை வணிகம்’ என வகைப்படுத்தும் மாணவர் பிழைவிடுகிறார். இது பெரும்பாலும் சேவை வணிகமே.

இன்னொன்றையும் மனங்கொள்க. வாடிக்கையாளருக்குப் போன பில் வணிகருடைய கடதாசியில், வணிகருடைய பெயரில் போனது. விலையைத் தீர்மானித்தவரும் அவரே.

பில் கைமாறிய கதை

2008 இல் மைக்ரோசொப்ட் மின்னஞ்சல் போன்ற சேவைகளை இணையம் வழியாக மாதச் சந்தாவுக்கு வழங்கத் தொடங்கியது. அலுவலகத்தில் சேவையகமே தேவையில்லை என்பது அதன் கருத்து. 2011 யூனில் இது ‘ஒபீஸ் 365’ ஆக வெளிவந்தது. ஆரம்பத்தில் வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பில் அனுப்பியது மைக்ரோசொப்ட். பங்காளருக்குத் தரகு கொடுக்கப்பட்டது: முதலாண்டு ஒப்பந்தப் பெறுமதியில் 12 வீதமும், அதற்கு மேலாக ஒவ்வோர் ஆண்டும் 6 வீதமும்.

2009 இன் இறுதியில் ஒருவருக்கான மாதச் சந்தா 10 டொலராக இருந்தது. 20 பேர் உள்ள அலுவலகம் என்றால் ஆண்டுக்கு 2400 டொலர். 12 வீதம் 288 டொலர். 6 வீதம் 144 டொலர். மேலே 60 டொலர் என்று பார்த்த மென்பொருள் இலாபத்தைவிட இது கூடவல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கூடத்தான். ஆனால் சேவையகம் விற்ற 300 டொலர் போய்விட்டது. அதை நிறுவும் வேலையும் அதைப் பராமரிக்கும் மாத வருமானமும் போய்விட்டன. எல்லாவற்றிலும் பெரிதாக, பில் போய்விட்டது. பில் அனுப்புபவரைத்தான் வாடிக்கையாளர் தமது வணிகர் என்று நினைப்பார். 2012 யூலையில், ஸ்மோல் பிஸ்னஸ் சேர்வருக்கு இனிப் புதிய பதிப்பு வராது என்ற அறிவித்தலும் வந்தது. பதினைந்து ஆண்டுகளாக அதிலேயே தேர்ச்சி பெற்றவர்கள் தமது தொழிலை மறுபடி கற்கவேண்டியதாயிற்று. புறச்சூழல் மாற்றத்துக்கு உதாரணம் கேட்டால் எப்போதும் ‘வெள்ளம்’ என்றே எழுதாமல் இதையும் எழுதலாம்.

பங்காளர்களின் அதிருப்தி வீண்போகவில்லை. 2013 முதல் ஒபீஸ் 365 ஐத் தாமே வாங்கி விற்றுத் தமது பெயரில் பில் அனுப்பும் வழி அவர்களுக்குத் திறந்தது. 2014 இல் அறிவிக்கப்பட்ட புதிய திட்டம் அதனை மேலும் விரிவாக்கியது. பில் திரும்பி வந்தது. அதனுடன் கூடவே இடரும் வந்தது. இப்பகுதியை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்.

2022 இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஓராண்டுச் சந்தாவை எடுத்தால் ஆரம்பத்தில் வழங்கப்படும் சில நாள் அவகாசத்தின் பின் அதனை இடையில் நிறுத்த முடியாது. மாதத்துக்கு மாதம் நிறுத்தும் உரிமை வேண்டுமானால் 20 வீதம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். ஓராண்டுச் சந்தாவை வாங்கிய வாடிக்கையாளர் இடையில் வணிகத்தை மூடினால் என்ன நடக்கும்? மீண்டும் எனது எண்கள்: சந்தா மாதம் 240 டொலர், அதில் வணிகரின் இலாபம் 24, கொள்விலை 216. வாடிக்கையாளர் மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டினார். நான்காம் மாதப் பில்லைக் கட்டாமலே கடையை மூடிவிட்டார்.

மூன்று மாத இலாபம் 72 டொலர். கட்டப்படாத 240 டொலர் அறவிடமுடியாக் கடன். இலாபநட்டக் கணக்குக்குச் செல்லும். மிகுதி எட்டு மாதங்களுக்கு வணிகர் மேலே கட்டவேண்டியது 216 × 8 = 1728 டொலர். 1920 என்று எழுதுவோர் கவனியுங்கள்: அந்த எட்டு மாதத்துக்கு இன்னும் விற்பனை நடைபெறவில்லை, ஆகவே அவரது கையிலிருந்து போவது கொள்விலை மட்டுமே. 72 டொலர் உழைக்கப்போய் இவ்வளவு இழப்பு. சட்டப்படி பங்காளராக இருந்திருந்தால் இந்த நட்டத்தில் மைக்ரோசொப்ட்டும் பங்கெடுத்திருக்கும்.

விதியை எழுதுபவர் ஒருவரே என்பதற்கு 2019 இல் நடந்ததையும் குறிப்பிடலாம். பங்காளர்கள் தமது அலுவலகத்தில் பயன்படுத்தும் மென்பொருளுக்கான சலுகை 2020 யூலை முதல் நிறுத்தப்படும் என்று மைக்ரோசொப்ட் அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, சில நாட்களிலேயே முடிவு கைவிடப்பட்டது. கூடிக் கேட்டதால் கிடைத்தது. தனியாக ஒருவர் கேட்டிருந்தால் கடிதத்துக்குப் பதிலாவது வந்திருக்குமா என்பது சந்தேகமே.

எனது நண்பனின் ஒப்பந்தம்

என்னுடன் படித்தவன் ஒருவன் கணக்கீட்டு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்துக்குப் ‘பங்காளர்’ ஆனான். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். “நீ கம்பஸ் போனவன்தானே, ஒருக்கா வாசிச்சுச் சொல்லு மச்சான்” என்று என்னிடம் கொண்டு வந்தான். நான் தரகு வீதம் இருந்த பக்கங்களை மட்டும் வாசித்துவிட்டு, “நல்ல வீதம், கையெழுத்துப் போடு” என்றேன். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நிறுவனத்தில் பதியவேண்டும் என்பதும், அந்த விபரங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்பதும் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தன.

இரண்டு வருடம் மோட்டார் சைக்கிளில் கடை கடையாக ஏறி இறங்கி அவன் சேர்த்த வாடிக்கையாளருக்கு, மூன்றாம் வருடம் நிறுவனமே தொலைபேசி எடுத்துப் புதுப்பித்தலைக் குறைந்த விலைக்குச் செய்துகொடுத்தது. அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் கையெழுத்து இருந்தது. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் வணிகத்தை விடவில்லை. மென்பொருள் எங்கே வாங்கினாலும் பரவாயில்லை, கணக்குப் பதிவைப் பழக்கித் தருகிறேன், மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று ஒவ்வொரு கடையுடனும் தனித்தனியே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டான். இப்போது மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை விற்கிறான். போன வாடிக்கையாளரில் பலர் திரும்பி வந்தனர். நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தால் இசை கேட்கும். இவனுக்கு எடுத்தால் இவன் வருவான்.

பயிற்சி வினா

கமலன் என்பவர் தனியாகக் கணினி வணிகமொன்றை நடத்துகின்றார். அவர் மென்பொருள் நிறுவனமொன்றின் ‘பங்காளர்’ ஆவார். ஓராண்டில் அவர் பெற்ற தரகு ரூபா 90,000. சேவை வருமானம் ரூபா 640,000. கடை வாடகை ரூபா 180,000. பிரயாணச் செலவு ரூபா 75,000. அறவிடமுடியாக் கடன் ரூபா 35,000.

(அ) கமலனின் வணிகம் எவ்வகை உரிமையைச் சார்ந்தது? காரணம் தருக. (2 புள்ளிகள்)
(ஆ) ஆண்டுக்கான தேறிய இலாபத்தைக் கணிக்குக. (4 புள்ளிகள்)
(இ) மென்பொருள் நிறுவனம் தரகு கொடுப்பதை முற்றாக நிறுத்தினால் தேறிய இலாபம் எவ்வளவாகும்? வாடிக்கையாளர் விபரங்களையும் அது தன்வசப்படுத்திக்கொண்டால் மேலே தரப்பட்டவற்றுள் வேறு எத்தொகைகள் மாறக்கூடும் எனக் காரணத்துடன் விளக்குக. (6 புள்ளிகள்)