அப்பா எங்கே என்று கேட்கும் பிள்ளைக்கு

மரண வீட்டிலே எல்லோருக்கும் ஏதேனும் ஒரு வேலை இருக்கும். பந்தல் போடுவோர் ஒருபுறம், உறவினருக்குச் செய்தி சொல்லி அனுப்புவோர் ஒருபுறம், வந்தோருக்குத் தேநீர் ஊற்றுவோர் இன்னொருபுறம். இவ்வளவு பேருக்கு நடுவிலே, இறந்தவருடைய ஆறு வயதுப் பிள்ளைக்கு மாத்திரம் இடமில்லை. "பிள்ளை பயந்துவிடும்" என்று சொல்லி யாரோ ஒரு மாமி அதனை அயல் வீட்டுக்கு அழைத்துச் சென்று, கையிலே ஒரு விசுக்கோத்தைக் கொடுத்து இருத்திவிடுகிறாள். எல்லாம் முடிந்தபின் வீடு திரும்பும் பிள்ளை அப்பா எங்கே என்று கேட்கிறது. "அப்பா வெளிநாடு போயிருக்கிறார்" என்று விடை வருகிறது.

அன்பினாற் சொல்லப்படும் பொய்தான் இது. ஆயினும் நம் நாட்டிலே இப்பொய்க்குத் தனியானதொரு கொடுமை உண்டு. எத்தனையோ வீடுகளில் தந்தைமார் உண்மையாகவே கட்டாரிலும் கனடாவிலும் இருக்கின்றனர். அவர்கள் ஞாயிறுதோறும் தொலைபேசியிற் பேசுகிறார்கள்; உடுப்பும் விளையாட்டுச் சாமானும் அனுப்புகிறார்கள். அப்படியாயின் நம் அப்பா மட்டும் ஏன் பேசுவதில்லை? நம்மீது கோபமோ? இவ்வாறு இறந்துபோன தந்தை, கைவிட்டுப்போன தந்தையாகிவிடுகிறார். பின்னொரு நாள் பள்ளிக்கூடத்து முற்றத்திலே உண்மை வெளியாகும்போது, பொய் சொன்ன தாயின்மீதிருந்த நம்பிக்கையும் போய்விடுகிறது.

"நித்திரை கொள்கிறார்" என்பதும் அவ்வாறே. அதனைக் கேட்ட பிள்ளை அன்றிரவு தானே கண்மூட அஞ்சும். "கடவுளுக்கு விருப்பமானபடியால் கூட்டிச் சென்றுவிட்டார்" என்றாலோ, கடவுளுக்கு நாளை அம்மாமீதும் விருப்பம் வந்துவிடுமோ என்று ஏங்கும்.

மரணம் பற்றிச் சிறுவர் கொண்டிருக்கும் எண்ணங்களை ஹங்கேரி நாட்டு உளவியலறிஞர் மரியா நாகி என்பார் ஆராய்ந்து 1948 இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மரணத்தை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ கருதுகின்றனர் என்பதும், ஏறக்குறைய ஒன்பது வயதளவிலேயே அது மீளாதது, யாவர்க்கும் பொதுவானது என்று தெளிகின்றனர் என்பதும் அவர் கண்டவை. அவர் வகுத்த வயதெல்லைகளிற் பின்வந்தோர் சில திருத்தங்கள் கூறியுள்ளனர். எனினும், தானாகவே பயணமென்றும் உறக்கமென்றும் எண்ணும் வயதுப் பிள்ளையிடம் நாமும் அவ்வாறே சொல்வது எவ்வளவு பிழை என்பது இதனால் விளங்கும். "அப்பா செத்துப்போனார். அவருடைய உடம்பு இனி வேலை செய்யாது. அவர் திரும்பி வரமாட்டார்." கேட்பதற்குக் கடினமான சொற்கள்தாம். ஆனால் பிள்ளை பற்றிக்கொள்ளத்தக்கவை இவையே. அது மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே கேள்வியைக் கேட்கும். சலியாது அதே விடையைச் சொல்லவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பிள்ளை கேளாவிடினும் சொல்லவேண்டும். "நீ குழப்படி செய்தபடியால் இது நடக்கவில்லை." கோபத்தில் அப்பாவைத் தொலைந்து போகும்படி மனத்துக்குள் சபித்த பிள்ளை, தன் சொல்லே பலித்துவிட்டதென்று ஆண்டுக்கணக்காக மறைத்து வைத்திருத்தல் கூடும்.

நமது மரணச் சடங்குகள் இவ்விடயத்திற் சிறுவரை முற்றாகப் புறக்கணித்தவை அல்ல. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துப் பாட்டனாரைச் சுற்றி நிற்பதைக் கண்டிருக்கிறோம். தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். அதனால் எட்டு வயதுப் பாலகனொருவன் தாய்க்குக் கொள்ளிக்குடம் சுமக்கவும் நேர்கிறது. குறை என்னவெனில், அவனிடம் எவரும் எதனையும் விளக்குவதில்லை. தோளிலே குடத்தை வைத்து, "நட" என்கிறோம். புறப்படுமுன் ஒருவர் அவனருகில் அமர்ந்து இனி என்னென்ன நடக்கும் என்று சொல்லுதல் வேண்டும். "அம்மாவுக்குச் சுடாதா?" என்று அவன் கேட்பான். உயிர் பிரிந்த உடம்புக்கு நோவு தெரியாது என்ற விடை அந்தக் கணத்தில் அவனுக்கு எவ்வளவு இன்றியமையாதது! விருப்பமில்லையேல் வற்புறுத்தலாகாது. படலையோடு நின்றுவிடும் மகளுக்கும், சுடலையில் நடந்ததை மாலையிலேனும் யாராவது சொல்லத்தான் வேண்டும். அவளிடம் நாம் பெரும்பாலும் ஒன்றுமே சொல்வதில்லை.

பிள்ளையின் துக்கம் பெரியவர்களின் துக்கம் போன்றதன்று. காலையில் விம்மி அழுத பிள்ளை பத்து மணிக்குப் பட்டம் ஏற்றப் போய்விடும். "இதற்கு ஒன்றும் விளங்கவில்லை" என்பர் சுற்றத்தார். விளங்காமலன்று; அவ்வளவையும் ஒரே மூச்சிற் சுமக்கும் வலிமை சிறு நெஞ்சுக்கு இல்லை, ஆகையால் இறக்கி வைத்து இறக்கி வைத்துச் சுமக்கிறது. வயிற்றுவலி என்று படுப்பதும், விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் மீள்வதும், தாயின் சேலைத் தலைப்பை விடாது திரிவதும் துக்கத்தின் வடிவங்களே.

மூத்த பையனிடம் "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை, அழக்கூடாது" என்று சொல்லும் பெரியவர்களை எண்ணினால் எனக்குச் சினமே வருகிறது. பன்னிரண்டு வயதிலே தந்தையையும் இழந்து, அழும் உரிமையையும் இழக்க அவன் செய்த குற்றம் யாது?

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதிற் பங்குண்டு. கொள்ளி வைத்த பிள்ளை மொட்டைத் தலையுடன் வகுப்புக்குள் வருவான். விடயமறியாத பிள்ளைகள் சிரிப்பார்கள். அவன் வருமுன்னரே வகுப்பாசிரியர் ஏனையோரிடம் சொல்லிவைத்தல் சிறிய காரியம். ஆனால் அது பல வேளைகளில் மறக்கப்படுகிறது. முதலிரு மாதம் யாவரும் பரிவு காட்டுவர். ஹாவார்ட் ஆய்வாளர் வில்லியம் வேர்டன், பெற்றோரில் ஒருவரை இழந்த 70 குடும்பங்களைச் சேர்ந்த 125 பிள்ளைகளை ஈராண்டு காலம் கவனித்து 1996 இல் எழுதிய நூலிலே, சில பிள்ளைகளின் இடர்ப்பாடுகள் இரண்டாம் ஆண்டிலேயே வெளிப்பட்டன என்கிறார். அந்தியேட்டி முடிந்து, ஆண்டுத் திவசமும் முடிந்து, ஊர் மறந்துவிட்ட காலம் அது. கணக்கிலே திடீரெனப் பின்தங்கும் மாணவனைக் கண்டிக்குமுன் சென்ற ஆண்டை நினைந்து பார்க்கவேண்டும். எஞ்சியிருக்கும் தாயோ தந்தையோ எவ்வாறு தேறி நிற்கிறார் என்பதே பிள்ளையின் தேறுதலைப் பெரிதும் நிர்ணயிக்கிறது என்பதும் அவ்வாய்வின் முடிபு. ஆகவே விதவைத் தாய்க்கு ஒருவேளைச் சமையலைச் செய்து கொடுக்கும் அயலவள், பிள்ளைக்கே மருந்து கொடுத்தவளாகிறாள். ஊணும் உறக்கமும் மாதக்கணக்காகக் கெட்டிருப்பின், அல்லது "நானும் அப்பாவிடம் போகப்போகிறேன்" என்று பிள்ளை சொல்லுமாயின், தாமதியாது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமேயில்லை.

உடலே கிடையாத மரணங்களையும் நாம் கண்டோம். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டுபோனோரும், 2009 வரை நீடித்த போரிற் காணாமற் போனோரும் விட்டுச்சென்ற பிள்ளைகள் எந்தச் சடங்கைச் செய்வது, எந்த நாளை நினைவு நாள் என்பது? அத்தகைய பிள்ளைக்கு, செத்தார் என்பதும் வருவார் என்பதும் இரண்டும் பொய்யாகலாம். "தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை" என்பதே அங்கு உண்மையான விடை.

இறந்தவரை மறக்கச் செய்வதே ஆறுதல் என்று முன்னர் பலரும் கருதினர். படத்தைக் கழற்றி வைப்பதும், பெயரைச் சொல்லாமல் விடுவதும் அதனாலேயே. மாறாக, பிள்ளை இறந்தவரோடுள்ள உறவைப் புதியதொரு வகையிற் பேணிக்கொள்கிறது என்று இக்கால அறிஞர் கூறுகின்றனர். நம்மவர்க்கு இது புதிதன்று. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியிலும் விரதமிருக்கும் வழக்கம் வேறு எதற்காக? அன்று கீரிமலைக்குச் சென்று நீராடி வந்து, படைத்துவிட்டு உண்ண அமரும்போது, பிள்ளையிடம் தந்தையைப் பற்றிப் பேசுங்கள். அவர் செய்த தியாகங்களைப் பற்றியே பேசவேண்டுமென்பதில்லை. ஆடி அமாவாசைக் கறியாகிய காத்தோட்டிக்காய் அப்பாவுக்குப் பிடிக்குமா என்று பிள்ளை கேட்கலாம். "எங்கே பிடித்தது! அப்பம்மா பாராத வேளை பார்த்து இலைக்கு அடியில் ஒளித்துவிடுவார்" என்று சொல்லுங்கள். பிள்ளை சிரித்துவிட்டுத் தன் இலையிற் கிடக்கும் காயைப் பார்க்கும்.