பையன் கெட்டானா, பிழைப்பு கெட்டதா?

நாடகம் என்றாலே மாமியார் மருமகள் சண்டைதானா? 1982-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'பாய்ஸ் ஃப்ரம் தி பிளாக்ஸ்டஃப்' தொடரில், வேலை இழந்த தார்ச்சாலைத் தொழிலாளர்களே நாயகர்கள். லிவர்பூலில் வேலையின்மை குடும்பங்களை எப்படிக் குலைத்தது என்பதை ஆலன் பிளீஸ்டேல் ஐந்தே பகுதிகளில் எழுதிக் காட்டினார்.

மலேசியாவில் அந்த வேலையைச் செய்தது, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த 'ஜகாட்' திரைப்படம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், 1990களின் தொடக்கம். 12 வயது அப்போய் படித்து முன்னேற வேண்டும் என்று அப்பா அடிக்கிறார். பையனோ குண்டர் கும்பலின் மிடுக்கில் மயங்குகிறான். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த பட விருது இதற்குத்தான்.

நெகிரி செம்பிலான் தோட்ட மக்களுக்கு இது அந்நியக் கதையல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் ஒரு பையன் தவறினால் தட்டிக்கேட்கப் பத்துப் பேர் இருந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனபின் யார் கேட்பது?

குற்றத்தை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால், பையனைத் திட்டுமுன் அவனைச் சுற்றி எது இல்லாமல் போனது என்று பார்க்க வேண்டும். அதைக் கேட்கும் நாடகங்கள் தமிழ்த் தொலைக்காட்சிக்கு வரட்டும்.