பெயரறிந்து எண்ணுதல்

சிகாகோ நகரத்துப் பொதுப் பள்ளிக்கூடங்களே தேசத்தில் மிக மோசமானவை என்று அமெரிக்கக் கல்வி மந்திரி வில்லியம் பென்னெட் 1987-ம் வருஷத்தில் பகிரங்கமாகக் கூறினார். வசை கூறுவது எளிது. எந்த மாணாக்கன் எந்த மாதத்தில் எதனால் கைநழுவுகிறான் என்பதை வசை ஒருபோதும் சொல்லாது. அதைச் சொல்லும் கணக்கொன்று பிற்பாடு அதே நகரத்தில் பிறந்தது. அதனைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஹைஸ்கூலின் நான்கு வருஷங்களில் முதல் வருஷத்தை மட்டும் பிரித்துப் பார்த்தனர். மேல்வகுப்புக்கு ஏறப் போதிய பாடங்களில் தேறி, பிரதான பாடங்களில் வருஷம் முழுவதிலும் ஓர் அரையாண்டுத் தோல்விக்கு மேற்படாதவர் நேர்வழியிலிருப்பவர் என்பது அவர்கள் வகுத்த அளவு. இத்தகையோரில் நூற்றுக்கு 81 பேர் நான்கு வருஷத்தில் படிப்பை முடித்தனர்; தவறியவரில் 22 பேரே முடித்தனர் என்று 2005-ம் வருஷத்து அறிக்கை காட்டிற்று.

தோல்விக்குக் காரணம் மந்தபுத்தி என்பாருக்கு 2007-ம் வருஷத்து அறிக்கை விடையிறுத்தது. முந்திய பரீக்ஷையில் மிக உயர்ந்த மார்க் வாங்கியும் அரையாண்டில் இரண்டு வாரம் வராதவர், மிகக் குறைந்த மார்க் வாங்கி ஒரே வாரம் வராதவரைவிட அதிகப் பாடங்களில் தோற்றனர். ஆஜர்ப் பட்டியல் பரீக்ஷையைவிடத் தெளிவாகப் பேசுகிறது! இப்பட்டியல் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் உண்டு, படிப்பவர்தாம் அரியர்.

வருஷ முடிவில் வரும் கணக்கு பிரேத பரிசோதனை போன்றது. ஆகவே வருஷத்தின் நடுவிலேயே பெயர்வாரியான ஜாபிதாக்கள் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. முதல் வருஷத்து உபாத்தியாயர்கள் ஒன்றுகூடி ஒவ்வொரு பெயராக எடுத்துப் பேசினர். ஒருவனுக்குத் தனிப்பாடம், மற்றொருவன் வீட்டுக்குச் சொல்லியனுப்புதல். சில வாரம் கழித்து மறுபடி கணக்கைப் பார்த்தனர். பலிக்காத வைத்தியத்தை மாற்றினர். 2007-ல் நூற்றுக்கு 57 ஆக இருந்த நேர்வழி விகிதம் 2013-ல் 82 ஆயிற்று.

மார்க்கைத் தானமாக வழங்கியிருப்பார்களோ என்று ஐயுறுவது நியாயமே. ஆராய்ச்சியாளரும் அவ்வாறே ஐயுற்றுத் தொடர்ந்து பார்த்தனர். முதலில் முன்னேறிய பள்ளிகளில், பின்னர் படிப்பை முடித்தவர் தொகையும் உயர்ந்திருப்பதை 2014-ல் வெளியிட்டனர்.

எனினும் மற்றொரு செய்தியை மறைப்பது தகாது. அந்நகரத்தில் படிப்பை விட்டவர் சிலரை வேறு பள்ளிக்கு மாறியவர் என்று தவறாகப் பதிந்திருந்தது வெளிப்பட்டது. 2014-ம் வருஷத்தில் படிப்பை முடித்தவர் விகிதம் 69.4 என்று பறைசாற்றிய அதிகாரிகள், 2015-ல் அதை 66.3 எனத் திருத்த நேர்ந்தது. திருத்திய கணக்கிலும் முந்திய வருஷங்களைவிட ஏற்றமே தெரிந்தது என்பர் சிலர். மெய்தான். ஆயினும் மாறிப்போனான் என்று எழுதப்பட்ட பையனின் பெயர் எந்த உபாத்தியாயரின் ஜாபிதாவிலும் வராது. அவனைத் தேடி அவன் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டமாட்டார்.