பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கே தங்கலாம்?

அக்கா மகளுக்குப் பெயர் சூட்டிய நேரத்தில், நாங்கள் மூவரும் ஜொகூர் கடற்பாலத்தின் நடுவில் ஒரு பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்தோம். பேருந்து நகரவில்லை. சன்னலுக்கு வெளியே இளைஞர்கள் நடந்தே எங்களைக் கடந்து போனார்கள்.

“இறங்கி நடந்துடலாமாடா?” என்று அப்பா கேட்டார். அம்மா தன் முழங்காலைப் பார்த்தார். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை.

பேத்தியின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவர் அப்பா. நாங்கள் ஈசூனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. சம்பந்தி மாமாதான் பெயரைச் சொல்லியிருந்தார். யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. அக்கா மட்டும் அம்மாவின் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

தவறு என்னுடையது. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

மலிவு, அழகு, தூரம்

சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் எங்களுக்கு அக்காவின் வாடகை வீட்டில் இடம் போதாது. சிங்கப்பூரில் ஐந்து இரவு ஹோட்டலில் தங்கினால் அப்பாவின் ஒரு மாத ஓய்வூதியம் கரைந்துவிடும். ஆகவே, பலரையும் போல ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் போய் வரலாம் என்று முடிவு செய்தோம்.

கைப்பேசியில் தேடினேன். மவுண்ட் ஆஸ்டின் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தது. மூன்று அறை, நீச்சல் குளம், சமையலறை. வாடகையும் குறைவு. வரைபடம் பாலத்துக்கு இருபது நிமிடம் என்று காட்டியது. நான் பார்த்தது இரவு பதினோரு மணிக்கு. நாங்கள் புறப்பட்டதோ பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை காலை ஏழரைக்கு. சோதனைச்சாவடிக்கு வரவே 55 நிமிடம் ஆனது. மீதி நேரம் வரிசைகளில் போனது.

ஜொகூர் பாருவில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. 1924-இல் திறக்கப்பட்ட, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள இந்தக் கடற்பாலத்தின் வழியே இன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் போய் வருகிறார்கள். பாலத்தைக் கடக்கும் நேரம் நம் கையில் இல்லை. பாலம் வரை வரும் நேரத்தை மட்டுமே நாம் தேர்ந்தெடுக்க முடியும். தங்குமிடம் என்பது அந்தத் தேர்வுதான்.

நான்கு கேள்விகள்

பத்து மாதம் கழித்து, மருமகளுக்கு முடியிறக்கிக் காது குத்தும் நாள் வந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் அது நடக்காது. இந்த முறை நான் முதலில் கைப்பேசியை எடுக்கவில்லை. ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதினேன்.

ஒன்று, சிங்கப்பூரில் எந்தப் பக்கம் போகிறோம்? ஈசூன், உட்லண்ட்ஸ், செம்பவாங் என்றால் கடற்பாலம். ஜூரோங், துவாஸ் என்றால் 1998-இல் திறந்த இரண்டாவது பாலம்.

இரண்டு, யார் நடக்கப் போகிறார்கள்? இருபத்தைந்து வயதுக்காரருக்குச் சரியான இடம் அறுபத்தைந்து வயது முழங்காலுக்குச் சரிவராது.

மூன்று, எந்த நாளில், எந்த நேரத்தில் பாலத்தைக் கடக்கிறோம்? வேலை நாள் விடியற்காலையில் சிங்கப்பூருக்குப் போகும் தொழிலாளர் கூட்டம். வெள்ளி மாலை ஜொகூருக்குத் திரும்பும் கூட்டம். ஞாயிறு மாலை மறுபடி சிங்கப்பூருக்கு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ‘ஞாயிறு அங்கே வேலை நாள்தானே’ என்ற பழைய கணக்கு இனி உதவாது.

நான்கு, காலையில் கீழே இறங்கினால் என்ன இருக்கும்? அம்மாவுக்கு ஒரு கோயில், அப்பாவுக்கு ஒரு தேநீர்.

எந்தப் பகுதி யாருக்கு?

இந்தக் கேள்விகளோடு பார்த்தபோது ஊர் தானாகப் பிரிந்து நின்றது.

வோங் ஆ ஃபூக் சாலை, துரூஸ் சாலை, தான் ஹியோக் நீ சாலை ஆகியவை நகரின் பழைய நடுப்பகுதி. இங்கே தங்கினால் ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் குடிநுழைவுக் கட்டடத்துக்கும் நடைபாலம் வழியாகப் போய்விடலாம். உங்கு புவான் சாலையில் 1911-இல் தொடங்கிய ராஜமாரியம்மன் தேவஸ்தானம் இருக்கிறது. பூக்கடை, நம்மவர் உணவகங்களும் அருகிலேயே. ஆனால் ஹோட்டல்கள் பல பழையவை, அறைகள் சிறியவை. சொந்தக் காரில் வருவோருக்கு வண்டி நிறுத்த இடம் தேடுவது தலைவலி.

தாமான் செஞ்சுரி, தாமான் பெலாங்கி, தாமான் செந்தோசா பாலத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். சாப்பாடும் கடைகளும் நிறைய. அறையும் கொஞ்சம் தாராளம். தினமும் பாலத்தைக் கடக்காமல் ஓரிரு முறை மட்டும் போகிறவர்களுக்கு இது நடுவழி.

மவுண்ட் ஆஸ்டின், தெப்ராவ் பக்கம் பெரிய வீடு, பேரங்காடி, பிள்ளைகளுக்கு நீர் விளையாட்டு எல்லாம் உண்டு. ஜொகூரிலேயே விடுமுறையைக் கழிப்பவருக்கு அருமையான இடம். சிங்கப்பூரில் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவருக்கு அல்ல. அந்த வீட்டில் குறையே இல்லை, நாங்கள் போன காரியத்துக்குத்தான் அது பொருந்தவில்லை.

புக்கிட் இண்டா, இஸ்கண்டார் புத்ரி மேற்குப் பக்கம். 2012-இல் திறந்த லெகோலாந்துக்குப் போகும் குடும்பங்களுக்கும், ஜூரோங் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கும் ஏற்றது. புக்கிட் இண்டாவிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டுக்கு இரண்டாவது பாலம் வழியாகப் பேருந்து ஓடுகிறது.

லார்க்கின் பகுதியில் நெடுந்தூரப் பேருந்து நிலையம். நள்ளிரவில் வந்து இறங்குவோர் ஓர் இரவு தங்க வசதி.

தாளில் எழுத வேண்டிய இன்னும் சில

ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு 2015 முதல் ஷட்டில் தெப்ராவ் ரயில் ஓடுகிறது. பாலத்தைக் கடக்க ஐந்தே நிமிடம். டிக்கெட் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடும், எனவே அறைக்கு முன்பே ரயிலைப் பதிவு செய்யுங்கள். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் பாதை 2026 இறுதியில் சேவையைத் தொடங்குவது இலக்கு. ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். அது ஓடத் தொடங்கினால் நடுப்பகுதியின் மதிப்பு இன்னும் கூடும்.

காது குத்துக்குத் திருச்சியிலிருந்து அத்தை மகனும் வந்தார். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். ஜொகூரில் தங்கிப் போய் வருவதென்றால் அது பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டவருக்கு ஹோட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரியும் உண்டு. சிங்கப்பூர் வருகை அட்டையை மலேசியர்களும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

சன்னல் இல்லாத அறை

இந்த முறை துரூஸ் சாலைக்கு அருகே ஒரு பழைய ஹோட்டல். வாடகை ஒன்றரை மடங்கு. அப்பா அம்மா அறையில் சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். என் அறையில் சன்னலே இல்லை.

“இதுக்கா இவ்வளவு காசு?” என்றார் அம்மா. மாலையில் நடந்தே போய் ராஜமாரியம்மனைக் கும்பிட்டுத் திரும்பிய பிறகு, அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு, இருட்டு விலகுமுன் கிளம்பினோம். அம்மா நின்று நின்று நடந்தார். எதிலும் அவசரம் இல்லை. ரயிலில் உட்கார்ந்து கால் நீட்டுவதற்குள் உட்லண்ட்ஸ் வந்துவிட்டது. ஏழரைக்கெல்லாம் ஈசூனில் இருந்தோம். அக்கா அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள்.

புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். காது குத்தியதும் வீறிட்டு அழுதாள். அப்பா அருகில் வந்து குனிந்தார். அந்தச் சின்னக் காதின் பக்கம் வாயை வைத்து, அவள் பெயரை மூன்று முறை மெல்லச் சொன்னார்.